பெயர் மாறிய பாய்க்கப்பல்

மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கி வருபவர்கள் வழியில் கீழ்புத்துப்பட்டைக் காண்பார்கள். அங்குள்ள மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில் இந்த வட்டாரத்தில் பெயர் பெற்றது. புதிதாக வண்டி வாங்கியவர்கள் அதைக் கோயில் முன் நிறுத்திச் சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தேங்காய் உடைத்து, பிறகே சாலையில் ஓட்டுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வண்டியின் முகப்பில் பெரும்பாலும் ஒரு பெயரும் எழுதியிருக்கும்.

அதே ஊரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் இருக்கிறது. அங்கிருந்து எங்கள் கல்லூரிக்கு மாணவர்கள் வருவதுண்டு. ஒரு நாள் இயற்பியல் வகுப்பில் மிதத்தல் விதிகளை நடத்திக்கொண்டிருந்தேன். பாடம் சலிப்பூட்டாமல் இருக்கட்டும் என்று, மேல்நாட்டில் கப்பலுக்குப் பெயர் சூட்டும்போது மதுப்புட்டியை உடைப்பதையும், நம் நாட்டில் தேங்காய் உடைப்பதையும் பற்றிச் சொன்னேன். அப்போது முகாமிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, “எங்கட வல்வெட்டித்துறையில கட்டின கப்பல் ஒன்று அமெரிக்கா வரைக்கும் போனது எண்டு அம்மம்மா சொல்லுவா, சேர். அதுக்குப் பேர் அன்னபூரணி” என்றாள்.

“அப்படியா?” என்று கேட்டுவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். பாட்டி சொன்ன கதை, ஊர்ப் பெருமை என்றே அப்போது எண்ணினேன். பின்னர் தேடிப் பார்த்தபோது, 1938-இல் அமெரிக்கத் துறைமுகத்தில் நுழைந்த கப்பல்களில் ‘அன்னபூரணி’ என்ற பெயர் இல்லை. என் ஐயம் உறுதியானது போலவே தோன்றியது. உண்மையில் தவறு என்னுடையது. கப்பல் போனது மெய். அதன் பெயர்தான் வேறாகியிருந்தது.

படகுக்கு ஏன் பெயர் வைக்கிறோம்? அதை ஏன் நீரில் இறக்கும் நாளிலேயே வைக்கிறோம்? பெயர் மாறினால் படகு மாறிவிடுமா? இவற்றை ஆராய்ந்தால் அன்னபூரணியின் கதை தெளிவாக விளங்கும்.

நீரில் இறங்கும் நாழிகை

கரையில் கட்டப்படும் படகு முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கிறது. அது சாயாமல் இருப்பதற்குக் காரணம் நிலம். நீரில் இறங்கியதும் அந்த ஆதாரம் போய்விடுகிறது. இனி நீர்தான் அதைத் தாங்க வேண்டும். நிமிர்ந்து நிற்குமா, கவிழுமா என்பது அந்தச் சில நொடிகளில் தெரிந்துவிடும்.

இதை ஒரு சிறு சோதனையால் அறியலாம். பாதித் தேங்காய்ச் சிரட்டை ஒன்றை வாளித் தண்ணீரில் மிதக்கவிடுங்கள். அதன் அடியில் கொஞ்சம் களிமண்ணை அப்புங்கள். விரலால் சாய்த்துவிட்டால் சிரட்டை தானே நிமிர்ந்துகொள்ளும். இப்போது அந்தக் களிமண்ணில் ஓர் ஈர்க்குக் கட்டை அல்லது மெல்லிய குச்சியை நேராக நட்டு, அதன் மேல் வேறொரு களிமண் உருண்டையைச் செருகுங்கள். உருண்டையைச் சிறிது சிறிதாக மேலே நகர்த்துங்கள். ஓரிடம் வரையில் சிரட்டை நிற்கும். அதைத் தாண்டியதும் தலைகீழாகக் கவிழும்.

காரணம் எளியது. நீரின் அழுத்தம் எப்போதும் பரப்புக்குச் செங்குத்தாகவே செயற்படும். சிரட்டை ஏறத்தாழ ஓர் அரைக்கோளம். கோளப் பரப்புக்குச் செங்குத்தான கோடுகள் யாவும் கோளத்தின் மையத்தின் வழியாகச் செல்லும். எனவே சிரட்டை எப்படிச் சாய்ந்தாலும் மிதப்பு விசை அந்த மையத்தின் வழியாகவே மேல்நோக்கிச் செல்கிறது. அரைச் சிரட்டைக்கு அந்த மையம் விளிம்பின் நடுவில் இருக்கிறது. மொத்தப் பொருளின் ஈர்ப்பு மையம் அதற்குக் கீழே இருந்தால் சிரட்டை நிமிரும். மேலே ஏறினால் கவிழும்.

படகின் வடிவம் அரைக்கோளம் அன்று. ஆயினும் சிறு சாய்வுகளுக்கு அதற்கும் இத்தகைய ஒரு புள்ளி உண்டு. அதற்கு மிதவை மையம் என்று பெயர். பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே இதை 1746-இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். அதற்கு முன் உலகெங்கும் கப்பல் கட்டிய தச்சர்களுக்குக் கண்ணளவும் அனுபவமுமே துணை.

கண்ணளவு பிழைத்தால் என்ன நேரும் என்பதற்கு ஸ்வீடன் நாட்டு ‘வாசா’ சான்று. அரச குடும்பத்தின் பெயரையே அந்தப் போர்க்கப்பலுக்கு வைத்திருந்தார்கள். புறப்படுமுன் 30 பேரை மேல்தளத்தில் இப்பக்கமும் அப்பக்கமும் ஓடவிட்டுச் சோதித்தபோதே அது அபாயகரமாக ஆடியது. சோதனையை நிறுத்திவிட்டார்களே தவிர, கப்பலை நிறுத்தவில்லை. 1628 ஆகஸ்ட் 10-ஆம் நாள் ஸ்டாக்ஹோம் துறைமுகத்திலேயே, தன் முதற் பயணத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் கூடப் போகாமல் அது மூழ்கியது.

கணக்கு தெரிந்த பின்னும் விபத்து நேர்ந்தது. 1883 ஜூலை 3-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ‘டாஃப்னி’ என்ற கப்பலைக் கிளைடு ஆற்றில் இறக்கினார்கள். உள்ளே வேலை முடிப்பதற்காகத் தொழிலாளர் பலர் ஏறியிருந்தனர். நீரைத் தொட்ட சில நிமிடங்களில் கப்பல் பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்தது. 124 பேர் மாண்டனர்.

சறுக்குத் தளத்தில் பின்பக்கமாக இறங்கும் கப்பலின் பின்பகுதியை நீர் முதலில் தூக்குகிறது. முன்பகுதி இன்னும் தளத்தின் மேல் அழுந்திக்கொண்டிருக்கிறது. அடிக்கட்டையில் இருந்து தளம் மேல்நோக்கித் தள்ளுவதன் விளைவு, ஈர்ப்பு மையத்தையே மேலே உயர்த்தியதற்குச் சமம். ஆகவே முழுதும் நீரில் மிதந்தால் நிலையாக நிற்கக்கூடிய கப்பல்கூட, இறங்கும் அந்த இடைவேளையில் நிலை குறைந்திருக்கும்.

உலகத்தின் பல கரைகளில், ஒன்றையொன்று அறியாத மக்கள், கடவுளை வேண்டுவதற்கு இந்த நாழிகையையே தேர்ந்துகொண்டதில் வியப்பில்லை. மாதக்கணக்கில் உழைத்த உழைப்பு முழுவதும் அப்போது சோதனைக்கு வருகிறது.

கிண்ணமும் புட்டியும் தேங்காயும்

ஐரோப்பாவில் முற்காலத்தில் ஓர் அதிகாரி விலையுயர்ந்த கிண்ணத்தில் மது அருந்தி, எஞ்சியதைக் கப்பலின் மேல் ஊற்றிக் கப்பலுக்குப் பெயரிடுவார். சில நேரங்களில் கிண்ணத்தையே கடலில் எறிந்துவிடுவதுண்டு. கப்பல்கள் பெருகப் பெருக இந்தச் செலவு கட்டுபடியாகவில்லை. 17-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் கிண்ணத்தின் இடத்துக்குப் புட்டி வந்தது.

அமெரிக்காவின் ‘கான்ஸ்டிடியூஷன்’ போர்க்கப்பலை 1797-இல் பாஸ்டனில் இறக்க முயன்றபோது, செப்டம்பரில் இருமுறை அது சிறிது நகர்ந்து நின்றுவிட்டது. அக்டோபர் 21-ஆம் நாள் மூன்றாம் முறை இறங்கியபோது மடீரா மதுப்புட்டி ஒன்றை அதன் முகப்பில் உடைத்துப் பெயர் சூட்டினார்கள். ஷாம்பேன் மது பின்னால் வந்த வழக்கம்.

புட்டி உடையாமல் போனால் அபசகுனம் என்பது மாலுமிகளின் அச்சம். ஆனால் ஷாம்பேன் புட்டி காற்று அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 6 மடங்கு அழுத்தத்தைத் தாங்குமாறு தடித்த கண்ணாடியில் செய்யப்படுவது. அது எளிதில் உடையாது. எனவே முன்கூட்டியே அதன் மேல் ஒரு கீறல் இட்டு வைப்பதுண்டு. சிறு கீறலின் நுனியில் தகைவு குவிவதால் கண்ணாடி உடைகிறது என்பதை ஆங்கிலப் பொறியியல் அறிஞர் கிரிஃபித் 1921-இல் வெளிவந்த ஆய்வில் விளக்கினார்.

நம் நாட்டில் தேங்காய்தான் வழக்கம். இந்தியக் கடற்படைக் கப்பல்களுக்கும் பெரும்பாலும் பெண்மணி ஒருவரே தேங்காய் உடைத்துப் பெயர் சூட்டுகிறார். 2013 ஆகஸ்ட் 12-ஆம் நாள் கொச்சியில் ‘விக்ராந்த்’ விமானந்தாங்கிக் கப்பலை நீரில் இறக்கி வைத்தவர் எலிசபெத் அந்தோணி.

இந்தப் பெயரில் ஒரு செய்தி பொதிந்திருக்கிறது. இது இரண்டாவது விக்ராந்த். முதல் விக்ராந்த் 1945-இல் பிரிட்டனில் நீரில் இறங்கியபோது அதன் பெயர் ‘ஹெர்க்குலிஸ்’. இந்தியா 1957-இல் அதை வாங்கி, வேலையை முடித்து, 1961-இல் விக்ராந்த் என்ற பெயரில் கடற்படையில் சேர்த்தது. 1997-இல் அது பணியிலிருந்து விலகியது; பின்னர் உடைக்கப்பட்டது. ஆனால் பெயர் புதிய கப்பலுக்கு வந்துவிட்டது. அங்கே உடல் போய்ப் பெயர் நின்றது. அன்னபூரணிக்கு நேர்ந்ததோ இதற்கு நேர்மாறானது.

வல்வெட்டித்துறையின் அன்னபூரணி

இலங்கையின் வடகரையில், யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கிறது வல்வெட்டித்துறை. பாய்க்கப்பல் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் பெயர் பெற்ற ஊர். நம் நாகப்பட்டினத்துக்கும் பர்மாவின் ரங்கூனுக்கும் அவ்வூர்க் கப்பல்கள் போய்வந்தன. பர்மாவிலிருந்து அரிசி வரும். அரிசி ஏற்றும் கப்பலுக்கு அன்னமளிக்கும் அம்மையின் பெயரை வைப்பது எவ்வளவு பொருத்தம்! அன்னபூரணி என்ற பெயரில் அந்த ஊரின் பக்தியும் இருந்தது, பிழைப்பும் இருந்தது.

அன்னபூரணி ஏறத்தாழ 89 அடி நீளமும் இரண்டு பாய்மரங்களும் உடைய கப்பல். வேப்ப மரத்தால் கட்டப்பட்டது. வேம்பு நம் கரைகளில் எளிதில் கிடைப்பது. கடல் நீரில் மரத்தின் பெரும்பகை பூச்சியும் புழுவும். வேம்பின் கசப்பு அவற்றுக்கு ஆகாது என்பது தச்சர்களின் அனுபவம். நாம் மேலே கண்ட மிதவை மையத்தை அவர்கள் தாளில் கணக்கிட்டவர்கள் அல்லர். அகலம் எவ்வளவு, அடியில் எங்கே பருக்க வேண்டும், எவ்வளவு பாரம் ஏற்றினால் நிமிர்ந்து நிற்கும் என்பவை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த அளவுகள். அந்த அளவுகள் சரியா என்பதைக் கடல்தான் சொல்ல வேண்டும்.

இனி, இந்தக் கப்பலை வாங்கிய மனிதரைப் பார்ப்போம். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் 1928 முதல் 1931 வரை ஏறத்தாழ 32 அடி நீளமே உள்ள பாய்மரப் படகில் உலகைச் சுற்றி வந்தவர். அந்தப் படகுக்கு அவர் வைத்த பெயர் ‘ஸ்வாப்’. கனவைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து எடுத்தது அது. நாம் சொப்பனம் என்கிறோமே, அதன் உறவுச் சொல். பொழுதுபோக்குக்காகப் படகு ஓட்டும் ஓர் அமெரிக்கர் இந்தியச் சொல்லைத் தேடி எடுத்துத் தம் படகுக்குச் சூட்டினார்.

பழைய பாணிப் பாய்க்கப்பல்களின் மேல் அவருக்குத் தீராத ஆசை. அந்த ஆசையால் அவர் 1930-களின் பிற்பகுதியில் அன்னபூரணியை விலைக்கு வாங்கினார். தம் மனைவியின் பெயரால் அதற்கு ‘ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று புதுப்பெயர் இட்டார். படகுக்கு இந்தியச் சொல்லைச் சூட்டிய அதே மனிதர் தமிழ்க் கப்பலின் பெயரை மாற்றியதை எண்ணினால் விந்தையாக இருக்கிறது. ஆனால் இதில் குற்றம் காண இடமில்லை. வாங்கியவர் தமக்குப் பிரியமான பெயரை வைப்பது உலக வழக்கம்.

கப்பலை ஓட்டிச் சென்றவர்களில் வல்வெட்டித்துறைத் தமிழ் மாலுமிகளும் இருந்தனர். இலங்கையை விட்டுச் செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் வழியாகச் சென்று, ஜிப்ரால்டரைத் தாண்டி, அட்லாண்டிக் பெருங்கடலில் இறங்கினார்கள். வடகிழக்குப் பருவக்காற்றையும் தென்மேற்குப் பருவக்காற்றையும் நம்பி வங்கக் கடலில் ஓடுவதற்காகக் கட்டிய கப்பல் அது. அதைக் கொண்டு முற்றிலும் வேறான காற்றும் அலையும் உள்ள பெருங்கடலைக் கடந்தார்கள். 1938 ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தார்கள். குளோஸ்டரும் பாய்மர மீன்பிடிக் கப்பல்களுக்குப் புகழ் பெற்ற ஊர். நல்ல கப்பல் எது என்பதை அறிந்த கண்கள் அங்கே நிறைய உண்டு.

வங்கக் கடலிலும் அட்லாண்டிக்கிலும் அதை நிமிர்த்தி நிறுத்தியது ஒன்றே: நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த வேப்பம்பலகைகளின் வளைவு. அந்த வளைவில் எந்தப் பெயரும் எழுதப்படவில்லை.

எழுதும் பெயரும் வெட்டும் எண்ணும்

பெயரை மாற்றினால் கடல் கோபிக்கும் என்ற நம்பிக்கை ஐரோப்பிய மாலுமிகளிடையே நெடுங்காலமாக உண்டு. உல்லாசப் படகு வைத்திருப்போர் இன்றும் பெயர் மாற்றும்போது பழைய பெயரை எல்லா இடத்திலும் சுரண்டி நீக்கி, சிறு சடங்கு செய்து, பிறகே புதுப்பெயரை எழுதுகிறார்கள்.

கடலுக்குக் கோபம் வருமோ வராதோ, கடனுக்கும் காப்பீட்டுக்கும் பெயர் மாற்றம் தொல்லைதான். பெயரை மாற்றி மோசடி செய்ய முடியாதபடி சட்டம் தேவைப்பட்டது. 1894-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம் கப்பலின் பெயரை முன்பகுதியின் இரு பக்கங்களிலும், பெயரையும் பதிவுத் துறைமுகத்தையும் பின்பகுதியிலும் எழுதவேண்டும் என்றது. கறுத்த பின்னணியில் வெள்ளை அல்லது மஞ்சள் எழுத்து. குறைந்தது 4 அங்குல உயரம். ஆனால் கப்பலின் பதிவு எண்ணையோ முதன்மை உத்தரத்தில் உளியால் வெட்டவேண்டும் என்றது. பெயர் வண்ணத்தால் எழுதப்படுவது. எண் மரத்தில் வெட்டப்படுவது. பெயர் மாறக்கூடியது என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

இன்று எங்கள் கடற்கரைக் குப்பங்களில் மணலில் ஏற்றிவைத்திருக்கும் ஃபைபர் படகுகளிலும் இந்த இரண்டையும் காணலாம். ஒரு பக்கம் அம்மன், வேளாங்கண்ணி மாதா அல்லது பிள்ளைகளின் பெயர். பக்கத்திலேயே மாநிலத்தின் குறியீட்டுடன் பதிவு எண். முன்னது வீட்டாருக்கு, பின்னது அரசுக்கு.

பெயர் மாற்றம் எப்போதும் ஒரே திசையில் நிகழ்வதும் அன்று. இந்தியத் தரைப்படையின் பொறியாளர் பிரிவினர் 37 அடி நீளமுள்ள ஓர் உல்லாசப் பாய்மரப் படகை வெளிநாட்டில் பழையதாக வாங்கினார்கள். வேறு பெயரில் ஓடிக்கொண்டிருந்த அதற்குத் ‘திரிஷ்ணா’ எனப் பெயரிட்டு, 1985 முதல் 1987 வரை உலகைச் சுற்றி வந்தார்கள். பாய்மரப் படகில் இந்தியர் உலகைச் சுற்றிய முதற் பயணம் அது. அந்தப் படகைக் கட்டிய தச்சர்களின் ஊரில், ‘நம் படகு எங்கே போயிற்று?’ என்று யாரேனும் பழைய பெயரைக் கொண்டு தேடினால், அவர்களுக்கும் எனக்கு நேர்ந்ததே நேரும்.

ஒரே கப்பலுக்கு இரண்டு பெயர் உண்டு என்பது தெரியாதவரையில், வரலாற்றில் அது இரண்டு கப்பல். அவற்றில் ஒன்று காணாமற்போன கப்பல். எழுதிவைத்த பெயர் அமெரிக்கரிடம் இருந்தது. எழுதாத பெயர் கீழ்புத்துப்பட்டு முகாமில் ஒரு பாட்டியின் நினைவில் இருந்தது.

முகாமில் ஒரு மாலை

இந்தச் செய்திகளைத் திரட்டிக்கொண்டு ஒரு மாலை அந்த மாணவியின் வீட்டுக்குப் போனேன். “நீ சொன்னது சரி, நான்தான் காது கொடுக்கவில்லை” என்று அவளிடம் சொன்னேன். அவள் சிரித்தாள். பாட்டி எனக்குத் தேநீர் கொடுத்தார். ஃபுளோரன்ஸ் என்ற பெயரை நான் சொன்னபோது அவருக்கு அது பெரிதாகப் படவில்லை. “அவையள் என்ன பேர் வைச்சாலும் அது அன்னபூரணிதானே” என்றார்.

அவர்களுடைய முகாமுக்கும் பெயர் மாறியிருக்கிறது. நெடுங்காலம் ‘அகதிகள் முகாம்’ என்றிருந்ததைத் தமிழ்நாடு அரசு 2021-இல் ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. நல்ல மாற்றமே. ஒருவரை நாள்தோறும் ‘அகதி’ என்றழைப்பதில் உள்ள வலியை அது குறைக்கும். ஆனால் அந்த மாணவி இங்கேயே பிறந்தவள். படிப்பு முடிந்த பின் வேலைக்கான விண்ணப்பத்தில் குடியுரிமை என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று கேட்கிறாள். பலகையில் எழுதும் பெயர் ஒன்று, உத்தரத்தில் வெட்டும் எண் வேறொன்று என்பதை அப்போது நினைத்துக்கொண்டேன்.

புறப்படும்போது பாட்டியிடம் கேட்டேன்: “நீங்கள் வந்த படகுக்கு என்ன பெயர், அம்மா?”

“இருட்டுக்குள்ள ஆர் தம்பி பேர் பார்த்தது?” என்றார்.

அந்தப் படகையும் ஏதோ ஒரு கரையில் யாரோ கட்டியிருப்பார்கள். தேங்காய் உடைத்து நீரில் இறக்கியிருப்பார்கள். ஆட்கள் நிறைந்திருந்தும் அது கவிழாமல் வந்து சேர்ந்தது. அதைக் கட்டியவரின் கணக்கு சரியாக இருந்தது என்பதற்கு அந்தப் பாட்டியும் பேத்தியுமே சான்று.

கடற்கரை ஊர்களில் வாழும் இளம் வாசகர்கள் ஒரு வேலை செய்யலாம். உங்கள் துறையில் முன்பு ஓடிய பாய்க்கப்பல்கள், தோணிகள் ஆகியவற்றின் பெயரை முதியவர்களிடம் கேளுங்கள். எந்த மரம், எத்தனை அடி, எந்த ஊர்த் தச்சர், பின்னால் யார் வாங்கினார்கள், என்ன பெயர் இட்டார்கள் என்று கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதிவையுங்கள். மறவாமல் பழைய பெயர், புதுப்பெயர் இரண்டையும் ஒரே வரியில் எழுதுங்கள்.